கருவி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது

மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது, அவரவர் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுந்து நின்று சொல்லச் சொன்னார்களாம். அம்மாவின் வேலை ஒரே மூச்சில் முடிந்துவிட்டது: டீச்சர், புவியியல். அப்பாவிடம் வந்ததும் பிள்ளை திணறிப்போனாள். "எங்கப்பா, மத்தவங்க செய்யறதுக்கு உள்ள இருக்கறதச் செய்யறாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வகுப்பே சிரித்ததாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "உன் வேலைக்கு ஒரு பேரு வச்சுக்கோப்பா" என்று அழுதாள். சமாதானப்படுத்திக்கொண்டே அவர் யோசித்துப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதைவிடப் பொருத்தமாக அவரும் யாருக்கும் சொன்னதில்லை.

செல்பேசியில் ஓர் ஆவணத்தைத் திறக்கிறோம். விரலால் பெரிதாக்குகிறோம், ஒரு வரிக்கு மஞ்சள் பூசுகிறோம், ஓரத்தில் குறிப்பு எழுதுகிறோம். அந்தச் செயலியின் தலையில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் பக்கத்தைத் திரையில் வரைவதும், பூசிய மஞ்சளை அடுத்த முறை திறக்கும்போது அதே வரியில் கொண்டுவந்து நிறுத்துவதும் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் கைவேலை அல்ல. அதையெல்லாம் முன்கூட்டியே செய்து மொத்தமாகக் கட்டி, செயலி உருவாக்குகிறவர்களுக்கு விற்பதற்கென்றே வேறு சில நிறுவனங்கள் உண்டு. அப்படிக் கட்டிக்கொடுப்பதற்கு எஸ்டிகே என்று பெயர், கருவித்தொகுப்பு. கதவு செய்கிறவர்களுக்குக் கீல் செய்துகொடுப்பது மாதிரி. கதவைத் திறக்கிறவர் யாரும் கீலைப் பார்ப்பதில்லை, அது கிறீச்சிடும் வரைக்கும். கிறீச்சிட்டால் வந்து நிற்பது அவரிடம்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சித்தப்பா'. எல்லோரும் இருபதுகளில் இருக்கும் இடத்தில் ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஒரே ஆள். யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. இப்போது மேனேஜர்கூடக் கூட்டத்தில், "அதைச் சித்தப்பா பாத்துக்குவாரு" என்றுதான் சொல்கிறாள். திறக்க முடியாத ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் அவர் இருக்கை. வெளியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்கள், அவையும் திறக்காதவை. குளிர்சாதனத்தின் வாய் நேராக அவர் பிடரியில் ஊதும். நகர்த்திவைக்கச் சொல்லி ஒருமுறை கேட்டார். நகர்த்திவைக்க ஆள் வந்து, பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனதோடு சரி. கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்யப் பழகிவிட்டார்.

செயலி கட்டுகிறவர்கள் அனுப்பும் ஒவ்வொரு புகாருக்கும் டிக்கெட் என்று பெயர். காலையில் வந்து உட்கார்ந்தால் வரிசை கட்டி நிற்கும். ஆரம்ப காலத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். ஏன் இப்படி ஆகிறது, எங்கே பார்க்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று தம்பிக்குச் சொல்வது போல எழுதினார். யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. வருகிற புகார்களில் பெரும்பாதி பிழையே அல்ல. வழிகாட்டியைப் படிக்காமல் வந்து நிற்பவை. அதற்காக ஒரு வாக்கியம் செய்துவைத்துக்கொண்டார். இரண்டு விசைகளை அழுத்தினால் அதுவே வந்து விழும்: 'கருவி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.'

அடுத்த இருக்கையில் இருப்பவள் பரிசோதகர். எந்த ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வாங்கியவள். அவளுக்கு அந்த வாக்கியம் என்றால் கொண்டாட்டம்.

"சித்தப்பா, கட்டடம் இடிஞ்சு விழுந்தாலும் அடியில இருந்து நீங்க இதையேதான் அனுப்புவீங்க."

"இடியறதுதான் அதோட வேலைன்னா சரியாத்தானே செய்யுது?" என்பார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வாரம் வந்த டிக்கெட்டுகளில் ஒன்று, தேர்வுத்தாள் திருத்தும் செயலி செய்கிற ஒரு நிறுவனத்திலிருந்து வந்தது. விடைத்தாள்களை ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். ஆசிரியர்கள் டேப்லெட்டில் திறந்து பேனாவால் மதிப்பெண் போடுகிறார்கள். மையத்தில் இருக்கும் சரிபார்ப்பாளர்கள் அதையே பெரிய கணினியில் திறந்து மேற்பார்வை செய்கிறார்கள். புகார் இதுதான்: சில பக்கங்களில், டேப்லெட்டில் ஓரிடத்தில் இருக்கும் மதிப்பெண் கணினியில் வேறிடத்தில் தெரிகிறது. மாதிரிக்கு ஒரு பக்கத்தை இணைத்திருந்தார்கள்.

அவர் திறந்து பார்த்தார். பக்கவாட்டில் திருப்பி வரையப்பட்ட ஒரு வரைபடம். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பழைய சமாச்சாரம்.

மாணவர் தாளைப் பக்கவாட்டில் திருப்பி எழுதியிருந்தால், ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் அந்தக் கோப்பில் 'இந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பு வைத்துவிடும். கருவித்தொகுப்பு வெளிவந்த புதிதில், பக்கத்தைத் திருப்பும்போது மேலே போட்ட குறிகளைத் திருப்ப மறந்துவிட்டார்கள். பக்கம் திரும்பும், குறி திரும்பாது. ஆள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போன பிறகும் பழைய நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பது போல. அதைச் சரிசெய்தபோது வேறொரு பூதம் கிளம்பியது. கட்டட வரைபடம் போடும் ஒரு பெரிய வாடிக்கையாளர், அந்தத் தப்புக்குத் தோதாகத் தன் குறிகளையெல்லாம் ஏற்கனவே இடம் மாற்றி வைத்திருந்தார். தப்பு சரியானதும் அவருடைய சரியெல்லாம் தப்பாகிவிட்டது. குய்யோ முறையோ என்று கத்தினார்கள். அதனால் உள்ளே 'பழைய முறை' என்று ஒரு சுவிட்ச் வைத்தார்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். அந்த வாடிக்கையாளருக்காக எழுதிய மாதிரி நிரலில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பிறகு வந்தவர்கள் பலர் அந்த மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். தேர்வுத்தாள் நிறுவனத்தின் டேப்லெட் செயலி புதிது. அதில் சுவிட்ச் இல்லை. கணினி நிரல் பழசு, அதில் இருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

பிடரி விண்விண்ணென்று தெறித்தது. இரண்டு விசைகளை அழுத்தினார். வாக்கியம் வந்து விழுந்தது. அதன் கீழே, மனசு கேட்காமல், சுவிட்ச் பற்றியும் அதை அணைத்தால் என்ன ஆகும் என்பது பற்றியும் விவரமாக எழுதினார். டிக்கெட்டை மூடினார். அடுத்ததைத் திறந்தார்.

வீட்டில் மனைவி அந்த வாரம் முழுக்கச் சரியாகவே பேசவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் காலம் எப்போதும் அப்படித்தான் என்று அவரும் விட்டுவிட்டார். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவள் வேறு உலகத்தில் இருப்பாள். கொதிக்கிற பாலைப் பார்க்கச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவாள், பால் பொங்கிப் போகும். இந்த முறை திருத்தி முடித்த பிறகும் அப்படியே இருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது மகள்தான் போட்டு உடைத்தாள். "அம்மாவ வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்காங்கப்பா. விசாரணை."

"விசாரணையா? எதுக்கு?"

"நீ சும்மா இரு" என்றாள் மனைவி மகளைப் பார்த்து. பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "நான் வெத்துக் காகிதத்துக்கு மார்க் போட்டிருக்கேனாம். அழகா மேப் போட்ட புள்ளைக்கு ஒண்ணுமே போடலயாம். எட்டு மார்க்க எங்கேயோ ஓரத்துல எழுதி வச்சிருக்கேனாம். சரிபாக்கறவரு பக்கம் பக்கமாப் படம் எடுத்து அனுப்பியிருக்காரு. கவனக்குறைவுன்னு எழுதி என்கிட்ட கையெழுத்துக் கேக்கறாங்க. போட்டா என் பணிப்பதிவுல ஏறிடும். அப்புறம் தாள் திருத்தவே கூப்பிட மாட்டாங்க."

"நீ போடலதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தனை வருஷமாத் திருத்தறேன். ஒரு புள்ளைக்கு அரை மார்க் கூடக் குறைஞ்சதில்ல. நான் எங்க போட்டேனோ அங்கதான் இருக்கு, என் டேப்லெட்டுல பாருங்கன்னு காட்டினேன். அதெல்லாம் தெரியாது, எங்க கம்ப்யூட்டர்ல வர்றதுதான் கணக்குன்னு சொல்லிட்டாங்க. செயலிக்காரங்களுக்கு எழுதிக் கேட்டேன். இன்னிக்குப் பதில் வந்துது." செல்பேசியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாசித்தாள். "'தங்கள் புகார் உரிய தொழில்நுட்பக் குழுவால் பரிசீலிக்கப்பட்டது. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.' அவ்வளவுதான். கீழ ஒரு நன்றி."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"சரியாகவே செய்யுதாம்! அப்ப நான்தான் சரியாச் செய்யலன்னு அர்த்தம். எந்த மகராசன் குந்திக்கிட்டு எழுதினானோ, அவன் கையில கட்டி முளைக்க."

மகள் சிரித்துவிட்டாள். அவர் தண்ணீர் எடுக்கப் போவது போல எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு, டம்ளர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த 'சரியாகவே' அவருடையது. 'சரியாக' என்று எழுதினால் கெஞ்சுவது போல இருக்கிறதென்று ஒருநாள் அந்த ஏகாரத்தைச் சேர்த்தவரே அவர்தான். கீழே எழுதியிருந்த விளக்கத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, தலையை மட்டும் கொண்டுவந்து அவர் வீட்டு மேசையில் வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வது என்பதில் தெளிவு இல்லை.

மறுநாள் காலையில் மூடிய டிக்கெட்டைத் திரும்பத் திறந்தார். இணைத்திருந்த பக்கத்தை இந்த முறை பார்த்தார். முதல்முறை பார்த்தது வெறும் இடக்கணக்கு: குறி இங்கே இருக்க வேண்டும், அங்கே இருக்கிறது. இப்போது குறியைப் பார்த்தார். சிவப்பில் ஒரு எட்டு. இரண்டு வட்டமாக, மேல் வட்டம் சின்னதாக, இரண்டும் சரியாக ஒட்டாமல். பக்கத்தில் ஒரு சரிக்குறி. அதன் வால் நீண்டு போய், நுனியில் லேசாக மேலே வளையும். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில், வாங்கி முடித்த சாமானுக்கு நேரே அவர் தினமும் பார்க்கும் வால். இருபது வருடத்துக்கு மேலாகப் பார்க்கிற கை. அதைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, அது யாருடையது என்று தோன்றாமலே, கருவி சரியாகவே வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார்.

"சித்தப்பா, என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் பூதக்கண்ணாடி.

"இது எங்க வீட்டம்மா கையெழுத்து."

அவள் எட்டிப் பார்த்தாள். கிண்டல் செய்ய வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனாள். "சுவிட்ச அணைச்சுப் பாத்தீங்களா?"

அணைத்துப் பார்த்தார். எட்டு எழுந்து நடந்துபோய், வரைபடத்தின் தலைமாட்டில் நின்றது. அவள் போட்ட இடத்தில்.

மேனேஜர் கெட்டவள் அல்ல. அவளுக்கும் மேலே ஆட்கள் உண்டு. அவள் பிடரியிலும் ஏதோ ஒன்று ஊதிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"சித்தப்பா, நம்ம பக்கம் தப்பு இல்லையே. சுவிட்ச் பத்தி வழிகாட்டியில இருக்கு. நீங்களும் பதில்ல எழுதியிருக்கீங்க. அவங்க படிக்கல."

"படிக்கல. சரிதான். யாருமே தப்புப் பண்ணல. ஸ்கேன் பண்ணினவன் பக்கத்தத் திருப்பினான், அது தப்பில்ல. நாம சுவிட்ச் வச்சோம், அது தப்பில்ல. அவங்க மாதிரி நிரல எடுத்து ஒட்டினாங்க, அதுக்குத்தான் மாதிரி குடுக்கறோம். கடைசியில ஒரு டீச்சர் கவனக்குறைவுன்னு கையெழுத்துப் போடணும்."

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா நிறுவனத்துப் பேர்ல எழுத்துல ஒண்ணும் குடுக்க முடியாது. குடுத்தா அந்தத் தேர்வுத்தாள்காரங்க நம்ம மேல திருப்புவாங்க. மேல கேட்டாலும் இதேதான் சொல்லுவாங்க."

"எழுத்துல வேண்டாம். வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு வேணும்."

"முழு நாளாவே எடுத்துக்கோங்க."

அந்தப் பக்கத்தை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். விரல் அதற்குப் போகவும் செய்தது. ஆனால் அது வாடிக்கையாளரின் கோப்பு. யாரோ ஒரு பிள்ளையின் விடைத்தாள். இத்தனை வருடம் தொடாததை இன்றைக்குத் தொட அவருக்கு மனம் வரவில்லை. மாதிரி நிரலை மட்டும் தன் மடிக்கணினியில் எடுத்தார். அது யார் வேண்டுமானாலும் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளக் கூடியது. அதில் சுவிட்சை அணைத்தார். பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்தார்: அழுத்தினால் பழைய முறை, விட்டால் புதிய முறை. அழகெல்லாம் பார்க்கவில்லை. பொத்தானுக்குச் சாம்பல் நிறம்.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள் மனைவி. எதிரே உட்கார்ந்து அவரும் ஒரு துவாலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவர் மடித்ததை அவள் வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தாள். அது எப்போதும் நடப்பதுதான்.

"நேத்து ஒரு பதில் வாசிச்ச இல்ல."

"ம்."

"அதை எழுதினது நான்தான்."

துணி மடிக்கும் கை நின்றது. தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள், தப்பான விடையைச் சரியாகச் சொல்கிற பிள்ளையைப் பார்ப்பது போல.

"அந்த மகராசன் நீங்கதானா?"

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். சுவிட்ச், கட்டட வரைபடக்காரர், பழசு, புதுசு. சொல்லி முடித்ததும், "அந்தப் பக்கத்தப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தேன்."

"என் எழுத்துன்னு தெரியலயா?"

அவர் கையில் இருந்த துவாலையின் ஓரத்தை நேராக்கினார். சாயங்காலத்துக் களைப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. கோபப்படக்கூடத் தெம்பு வேண்டும் என்பது போல அவள் அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

"கட்டி முளைக்கன்னு சொல்லிட்டேனே. இப்ப நான்தானே அந்தக் கையப் பிடிச்சு வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் அவர் மடித்த அடுத்த துவாலையைப் பிரிக்காமல் அடுக்கில் வைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. விசாரணை அறைக்குள் ஆசிரியரை மட்டும்தான் விடுவார்கள். அதனால் காட்ட வேண்டியவள் அவள். அவர் ஒரு தாளைப் பக்கவாட்டில் வைத்து ஒரு வரைபடம் வரைந்தார். இல்லாத நாட்டின் இல்லாத ஆறு. மகள் செல்பேசியில் படமெடுத்து ஏற்றினாள். மனைவி டேப்லெட்டின் பேனாவை எடுத்தாள்.

"ஆறு மலை மேல ஏறிப் போகுது. திசைக்குறி கிடையாது. இதுக்கு ஒண்ணரை."

"எட்டுக்கு ஒண்ணரையா?"

"உங்க மூஞ்சிக்காக அந்த அரை."

மதிப்பெண் போட்ட பக்கத்தை மடிக்கணினியில் திறந்து பொத்தானை அழுத்தினாள். ஒன்றரை வரைபடத்தை விட்டு ஓடிப்போய் வெற்று ஓரத்தில் நின்றது. விட்டாள். திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினாள், விட்டாள். அந்தச் சின்னச் சிவப்பு எண் போய்ப் போய் வருவதை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத குரல். "இதுக்கா நான் இத்தனை நாள் என் கண்ணையே சந்தேகப்பட்டேன்?"

திருத்தும் மையம் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் இருந்தது. விடுமுறை என்பதால் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. நடைபாதையில் ஒரு பெஞ்சு. யாரோ காம்பஸால் கீறிய பெயர்கள். மனைவி மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். "கோப்ப அவங்ககிட்டயே வாங்கித் திற. நாம கொண்டுபோனதுன்னு ஆகக் கூடாது" என்று வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தவரைப் பியூன் கையால் நிறுத்தினார்.

"சார், நீங்க இங்கயே."

பெஞ்சில் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் டீச்சர் என்பது கைப்பையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவரை ஏறிட்டுப் பார்த்து, "உள்ள போனவங்களோட வீட்டுக்காரரா?" என்றாள்.

"ஆமா."

"அவங்களும் புவியியல்தானா? நானும்தான். நான் போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னிக்கு நகல் வாங்கிட்டுப் போக வரச் சொன்னாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் கவனமாத்தான் போட்டேன். ஆனா கம்ப்யூட்டர்ல பாத்தா வேற மாதிரி இருக்கு. வயசாகுது, கண்ணும் சரியில்ல. நம்மதான் எங்கயோ தப்புப் பண்ணியிருப்போம்னு போட்டுட்டேன். எதுக்கு வம்பு."

இந்த அம்மாளுக்கும் அந்தப் பதில் போயிருக்குமா என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது ஒன்றுதான்.

"உங்க மேல தப்பு இல்லம்மா" என்றார்.

"அதெப்படி உங்களுக்குத் தெரியும்?"

அவர் சொன்னார். வழிகாட்டியில் எழுதுகிற மாதிரி அல்லாமல், தம்பிக்குச் சொல்வது போல, பழைய காலத்தில் எழுதியது போலச் சொன்னார். கைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துத் தரச் சொல்லி, அதைத் திருப்பிக் காட்டி, விரலை ஒரே இடத்தில் வைத்துக் காட்டினார். அந்த அம்மாள் ரசீதையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்த கணத்தில் அவள் கண்ணில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. ரசீதை வாங்கி, நாலாக மடித்து, பையில் வைத்தாள்.

"ஒரு வாரம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மனைவி வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெஞ்சில் இருவருக்கும் நடுவில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எடுத்துட்டாங்க. கவனக்குறைவுங்கறத எடுத்துட்டாங்க. பொத்தான அழுத்தினப்ப அந்தச் சரிபாக்கறவரு நாற்காலியோட முன்னாடி நகர்ந்து வந்தாரு. அவரே வாங்கி நாலஞ்சு தடவ அழுத்திப் பாத்தாரு, விளையாட்டுச் சாமான் கெடச்ச மாதிரி. மன்னிப்பெல்லாம் கேக்கல. பக்கவாட்டுப் பக்கம் எல்லாத்தையும் திரும்பச் சரிபாக்கணுமாம். யாரு பாக்கறதுன்னா, நான்தான் பாக்கணுமாம். விஷயம் தெரிஞ்ச ஆளாம் நான்."

"எத்தனை தாள்?"

"கேக்காதீங்க." பின்னால் சுவரில் தலையைச் சாய்த்தாள். "இந்தப் பதில எழுதினது யாருன்னு கேட்டாங்க. இவ்வளவு தெரிஞ்சவங்க இருந்தும் சரியாகவே செய்யுதுன்னு எந்த ஆளு எழுதினான்னு."

"என்ன சொன்ன?"

"வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்காருன்னு சொன்னேன்."

அந்த அம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். மனைவி எழுந்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். "வாங்க, உள்ள போய் உங்களோடதையும் திறந்து காட்டிட்டு வந்துடலாம். கையெழுத்துப் போட்டுட்டா என்ன, திருப்பி வாங்க முடியாதா? நீங்க மடிக்கணினியத் தூக்கிக்கோங்க, எனக்குத் தோள் வலிக்குது." பியூன் ஏதோ சொல்ல வந்தார். அவள் டீச்சர் பார்வை ஒன்றைப் பார்த்தாள். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மனைவி ஜன்னலோரம். அந்த அம்மாளின் கையெழுத்தைப் பற்றி மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். கேட்டுச் சொல்வது என்றால் என்ன என்று இருவருக்குமே தெரிந்திருந்ததால், அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

பாதி வழியில் மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "அந்த வாக்கியம் இன்னும் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு விசைய அழுத்தினா வரும்."

"எடுத்துடுங்க."

"எடுத்துட்டு என்னத்த எழுதறது? நாள் முழுக்க வந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் உட்கார்ந்து யோசிச்சா வீடு வந்து சேர முடியாது."

"பாக்கறேன்னு எழுதுங்க."

"பாத்ததுக்கு அப்புறம்?"

"முதல்ல பாருங்க" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். பேருந்து திரும்பும்போதெல்லாம் தலை அவர் தோளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் துண்டை மடித்து ஜன்னல் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். சேமித்து வைத்த வாக்கியத்தைத் தேடி எடுத்து அழித்தார். "சித்தப்பா ரப்பர் ஸ்டாம்பத் தூக்கிப் போட்டாரு!" என்று பூதக்கண்ணாடி மற்றவர்களுக்கு அறிவித்தாள், யாரோ கைதட்டினார்கள். முதல் டிக்கெட்டைத் திறந்தார். எங்கோ ஒரு செயலியில் பக்கத்தைப் பெரிதாக்கினால் எழுத்து மங்குகிறதாம். பழக்கதோஷத்தில் இரண்டு விசைகளையும் அழுத்தினார். ஒன்றும் வரவில்லை, பெட்டி வெறுமனே கிடந்தது.

'பார்க்கிறேன்' என்று தட்டி அனுப்பினார். அனுப்பிவிட்டதால் பார்க்க வேண்டியதாயிற்று. இணைத்திருந்த பக்கத்தைத் திறந்து, யாருடைய கை எழுதியது என்று தெரியாத அந்த எழுத்துகளை நோக்கி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிசையில் பின்னால் நின்றவை நின்றுகொண்டே இருந்தன.